பாதியில் நின்ற முள்

காலை ஐந்தரைக்கு வரச் சொன்னால் ஐந்து இருபத்தைந்துக்கே எங்கள் வெள்ளவத்தை மாடிக் கட்டடத்தின் கீழே ஒரு நீலக் கார் வந்து நிற்கும். ஹோர்ன் அடிக்காது. அம்மா ஜன்னலால் எட்டிப் பார்த்து, "றோஸி வந்திட்டா" என்பார். நாங்கள் இறங்கிப் போவதற்குள் றோஸி அக்கா முன் கதவைத் திறந்து, இருக்கையைப் பின்னுக்குத் தள்ளி, அம்மாவின் முழங்காலுக்கு இடம் செய்து வைத்திருப்பார்.

றோஸி அக்காவுக்கு நாற்பத்தெட்டு வயது. கொட்டாஞ்சேனையில் பிறந்து, அங்கேயே படித்து, அங்கேயே கலியாணமும் முடித்தவர். பத்தொன்பது வருடம் கோட்டையில் ஒரு பயண முகவர் அலுவலகத்தில் வேலை பார்த்தார். கொரோனாக் காலத்தில் அந்த அலுவலகம் மூடியது, மூடியது மூடியதுதான். கணவர் பேர்னாட் கப்பலில் என்ஜின் அறையில் ஃபிட்டர். வருடத்தில் ஒன்பது மாதம் கடலில் இருப்பார். அவர் விடுமுறையில் வந்தால் ஓடுவதற்கென்று வாங்கிய இருபத்தைந்து வயதுப் பழைய ஜப்பான் கார், மற்ற நாட்களில் வீட்டு வாசலில் துணி போர்த்தியபடி நின்றது.

வேலை போன அந்த மாதங்களில் பக்கத்து வீட்டு மாக்ரெட் அன்ரியை கிளினிக்குக் கூட்டிப் போக ஆளில்லாமல், றோஸி அக்கா துணியை இழுத்துவிட்டுக் காரை எடுத்தார். மாக்ரெட் அன்ரி தன் தங்கையிடம் சொன்னார். தங்கை கோவிலில் நாலு பேரிடம் சொன்னார். ஒரு வருடத்துக்குள் கொட்டாஞ்சேனையிலும் முகத்துவாரத்திலும் தெஹிவளையிலுமாக முப்பது பெண்கள் அவருடைய நம்பரை வைத்திருந்தார்கள். வயதானவர்கள், நோயாளிகள், தனியாக ஆட்டோவில் ஏறப் பயந்தவர்கள். ஆஸ்பத்திரியில் இறக்கிவிட்டுப் போய்விடும் பழக்கம் அவருக்கு இல்லை. உள்ளே வந்து, நம்பர் எடுத்துக் கொடுத்து, மருந்து வாங்கும் வரிசையிலும் நிற்பார். எங்கள் அம்மா கனகேஸ்வரிக்கு அவரைச் சொல்லித் தந்ததும் கண் கிளினிக்கில் பக்கத்தில் இருந்த ஒரு அம்மாதான்.

போன வருடம் ஜனவரியில் பேர்னாட் அண்ணன் விடுமுறையில் வந்திருந்தபோது காருக்குள் பெற்றோல் வாசம் அடித்தது. அவர் கீழே படுத்துப் பார்த்தார். பெற்றோல் தாங்கியின் அடிப்பக்கப் பொருத்தில் துரு பிடித்து, ஈரம் கசிந்துகொண்டிருந்தது. கராஜுக்குக் கொண்டுபோகலாம் என்று றோஸி அக்கா சொன்னதை அவர் கேட்கவில்லை. கப்பலில் வீட்டளவு இயந்திரங்களைக் கழற்றிப் பூட்டுகிறவருக்கு ஒரு கார்த் தாங்கி பெரிய விசயமா? இரண்டு நாள் வீட்டு வாசலில் படுத்துக் கிடந்து தாங்கியை இறக்கினார். முகத்துவாரத்தில் படகுத் தாங்கிகளுக்கு ஒட்டு வைக்கும் ஒருவரிடம் கொண்டுபோய் ஒட்டுவித்தார். உள்ளே கழுவி, வெளியே கறுப்புப் பெயின்ற் அடித்து, மூன்றாம் நாள் மாலை மழை தூறத் தூறத் திரும்பவும் பூட்டினார். கசிவு நின்றது. வாசமும் போனது. அவர் எண்ணெய்க் கையோடு தேத்தண்ணி குடித்தபடி காரைச் சுற்றிச் சுற்றி வந்ததை றோஸி அக்கா இன்றைக்கும் சிரித்துக்கொண்டே சொல்வார். விடுமுறைக்கு வரும்போதெல்லாம் வீட்டில் தனக்கு ஒரு வேலையும் இல்லையே என்று தவிக்கும் மனிதர். அந்த மூன்று நாட்களும் அவர் முகத்தில் அவ்வளவு சந்தோஷம். அடுத்த வாரம் கப்பலுக்குப் போய்விட்டார்.

அவர் போன பிறகு பெற்றோல் அடிக்கப் போனபோது முதல் தொல்லை தொடங்கியது. பம்பின் குழாயைக் காரின் வாயில் வைத்து அழுத்தினால் அரை லீற்றர் போகுமுன் 'டக்' என்று தானாக நின்றுவிடும். மறுபடி அழுத்த வேண்டும். மறுபடியும் டக். இருபது லீற்றர் அடிப்பதற்குள் பின்னால் நிற்கிற வாகனங்கள் ஹோர்ன் அடிக்கத் தொடங்கிவிடும். இரண்டாவது தொல்லை மீட்டர். பெற்றோல் அளவு காட்டும் முள் பாதியில் போய் நின்றது. அடித்தாலும் பாதி, ஓடினாலும் பாதி.

இரண்டும் எப்போது தொடங்கின என்பது றோஸி அக்காவுக்குத் தெரியாமல் இல்லை. அதை அவர் வாயால் சொல்லவில்லை, அவ்வளவுதான். ஏப்ரலில் ஒரு கராஜ்காரர் தாங்கியின் மூடியைச் சந்தேகப்பட்டார். புது மூடி வாங்கிப் போட்டார்கள். டக் நிற்கவில்லை. மே மாதம் இன்னொருவர் மீட்டர் பழுது என்றார். றோஸி அக்கா பஞ்சிகாவத்தைக்குப் போய்ப் பழைய உதிரிப் பாகங்களுக்குள் தேடி அதே மாதிரி மீட்டர் ஒன்றைக் கொண்டுவந்து போடுவித்தார். அந்த மீட்டரின் முள்ளும் நேரே போய்ப் பாதியில் நின்றது. இரண்டு இடத்திலும் "தாங்கியை யாராவது இறக்கினார்களா?" என்று கேட்டிருக்கிறார்கள். "தெரியாது" என்று சொல்லிவிட்டாராம்.

பிறகு அவர் தனக்கென்று ஒரு வழி வைத்துக்கொண்டார். பெற்றோல் அடித்ததும் ஓட்டத் தூரம் காட்டும் சின்ன மீட்டரைச் சைபருக்குக் கொண்டுவருவார். இருநூறு கிலோமீற்றர் வந்ததும் திரும்பப் பெற்றோல் ஷெட்டுக்குப் போவார். சில வாரம் இது ஒழுங்காகவே நடந்தது.

ஜூன் மாதம் அம்மாவின் கண் ஆபரேஷனுக்கு நாள் கிடைத்தது. ஏழு மாதம் காத்திருந்து கிடைத்த நாள். புதன்கிழமை காலை ஏழு மணிக்குக் கண் ஆஸ்பத்திரியில் நிற்க வேண்டும். நான் காப்புறுதி அலுவலகத்தில் லீவு எடுத்திருந்தேன். ஆறரைக்குப் புறப்பட்டு, பெரிய தெருவான காலி வீதியில் சன நெரிசல் வரும் என்று மரைன் டிரைவால் போனோம். ஒரு பக்கம் கடல், கல்லணைக்கும் வீதிக்கும் நடுவே ரயில் பாதை. பம்பலப்பிட்டி தாண்டியதும் கார் இரண்டு தரம் இழுத்தது. பிறகு சத்தமில்லாமல் ஓரமாக நின்றது. றோஸி அக்கா சாவியைத் திருப்பிப் பார்த்தார். என்ஜின் சுழன்றது, பிடிக்கவில்லை. மீட்டரில் முள் பாதியில் இருந்தது. சின்ன மீட்டர் நூற்றி முப்பது என்று காட்டியது.

அவர் ஸ்டியரிங்கைப் பிடித்தபடி அந்த எண்ணைப் பார்த்தார். ஞாயிற்றுக்கிழமை ஷெட்டில் நடந்தது அப்போதுதான் நினைவுக்கு வந்ததாம். டக், டக் என்று நின்று நின்று அடிக்க, பின்னால் ஒரு வேன்காரர் இறங்கி வந்து சத்தம் போட, வெட்கத்தில் எட்டு லீற்றரோடு நிறுத்திவிட்டுக் காரை எடுத்திருக்கிறார். ஆனால் பழக்கத்தில் சின்ன மீட்டரை மட்டும் சைபருக்குக் கொண்டுவந்துவிட்டார்.

நான் ஓடிப் போய் ஆட்டோ ஒன்றை மறித்தேன். றோஸி அக்கா காரைப் பூட்டிவிட்டு எங்களோடு ஏறிக்கொண்டார். நடுவில் இருந்த அம்மாவின் கையைப் பிடித்திருந்தார். நில அளவைத் திணைக்களத்தில் முப்பது வருடம் எழுதுவினைஞராக இருந்தவர் அம்மா. கோபம் வந்தாலும் குரல் உயராது. கொள்ளுப்பிட்டி தாண்டும்போது மெல்லக் கேட்டார்.

"அந்த முள் பொய் சொல்லுது எண்டு உமக்குத் தெரியும். தெரிஞ்சும் ஏன் பிள்ளை அப்பிடியே விட்டனீர்?"

றோஸி அக்கா வெளியே பார்த்துக்கொண்டிருந்தார்.

இருபது நிமிடம் பிந்திப் போனோம். நல்ல காலம், அம்மாவின் பெயரை இன்னும் கூப்பிடவில்லை. ஆபரேஷன் நல்லபடி முடிந்தது. அம்மா வெளியே வரும்வரை றோஸி அக்கா என்னோடுதான் இருந்தார். பத்து தரமாவது என்னிடம் மன்னிப்புக் கேட்டிருப்பார். பிறகு ஒரு கானில் பெற்றோல் வாங்கிக்கொண்டு மரைன் டிரைவுக்குப் போய்க் காரை எடுத்துவந்தார்.

அடுத்த நாள் அவர் வழமையான ஷெட்டுக்குப் போனார். அங்கே பெற்றோல் அடிக்கிற பெண்ணின் பெயர் நிலூஷா. இரண்டாயிரத்து இருபத்திரண்டில் பெற்றோலுக்கு நாட்கணக்கில் வரிசையில் கிடந்த காலத்தில் பழக்கமானவர்கள் இருவரும். ஒரு பகல் முழுதும் வெயிலில் காருக்குள் இருந்த றோஸி அக்காவுக்கு நிலூஷாதான் தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தாராம். அன்றைக்கு ஷெட்டில் சனம் இல்லை. நிலூஷா குழாயைத் தலைகீழாகத் திருப்பி வைத்து, விசையைப் பாதி மட்டும் அழுத்தி, நூல் மாதிரி ஓட விட்டார். ஐந்து லீற்றர் ஒரு டக்கும் இல்லாமல் போனது. வேகமாக அழுத்தினார். டக்.

நிலூஷா சிங்களத்தில் விளங்கப்படுத்தினார். பெற்றோல் உள்ளே போக, உள்ளே இருக்கிற காற்று வெளியே வரவேண்டும். அதற்குத் தனியாக ஒரு சின்னக் குழாய் இருக்கிறது. அது அடைபட்டால் காற்றுப் போக வழியில்லாமல் பெற்றோல் வாய்வரை ஏறிவரும். தாங்கி நிறைந்துவிட்டது என்று நினைத்துப் பம்ப் தானாக நின்றுவிடும். மெதுவாக விட்டால் காற்றும் மெதுவாக வந்துவிடுகிறது. ஒரு நாளைக்கு முந்நூறு வாகனத்துக்கு அடிக்கிறவருக்கு இது புதிதில்லை. கடைசியாக அவரும், எப்போது தொடங்கியது என்று கேட்டார்.

றோஸி அக்கா ஜனவரி என்றார். கணவர் தாங்கியை இறக்கிப் பூட்டிய பிறகு என்றார். முள் பாதியில் நின்றதும் அப்போதுதான் என்றார். ஆறு மாதத்தில் அதை முதல் தரமாக ஒருவரிடம் சொன்னார். நிலூஷா சிரிக்கவில்லை. அப்படியென்றால் இரண்டும் ஒரே இடத்தில்தான் இருக்கும், தேடிப் பாருங்கள் என்று மட்டும் சொன்னாராம்.

சனிக்கிழமை மட்டக்குளியில் ரிஷாத் என்பவரிடம் போனோம். வாகனங்களுக்கு வயர் வேலை பார்ப்பவர். வீட்டு முற்றத்தில் ஜாம் பழ மரத்தின் கீழே வேலை செய்கிறார். எனக்கு விடுமுறை என்பதால் துணைக்குப் போனேன். போன இடத்தில் எனக்கும் ஒரு வேலை தந்தார்கள்: சாரதி இருக்கையில் இருந்து முள்ளைப் பார்த்துச் சத்தமாகச் சொல்வது.

ரிஷாத் பின் இருக்கையைத் தூக்கினார். கீழே ஒரு வட்டத் தகடு. அதைக் கழற்றினால் தாங்கியின் மேல்பக்கம் தெரிந்தது. தாங்கிக்குள்ளே மிதப்பு ஒன்று இருக்கிறது, பெற்றோலோடு ஏறி இறங்கும், அதிலிருந்து வருகிற வயர்தான் முள்ளை ஆட்டுகிறது என்று றோஸி அக்காவுக்குக் காட்டினார். முதலில் அந்த வயரைக் கழற்றினார். முள் பாதியிலிருந்து சரிந்து அடிக்குப் போனது. நான் சொன்னேன். பிறகு வயரின் நுனியைக் காரின் உடம்பில் தொட்டார். முள் ஏறி உச்சிக்குப் போனது. அதையும் சொன்னேன்.

"அப்ப மீட்டர்லயும் வயர்லயும் பிழ ஒண்டும் இல்ல அக்கா" என்றார் ரிஷாத். "பிழ உள்ளுக்குத்தான்."

மிதப்பை வெளியே எடுத்ததும் தாங்கியின் வாயை ஈரத் துணியால் மூடினார். நீள வயர் இரண்டைப் பூட்டி, மிதப்பைக் காரிலிருந்து எட்டவாக ஒரு பலகையில் வைத்தார். றோஸி அக்காவே அதைக் கையால் தூக்கினார். முள் ஏறியது. இறக்கினார். இறங்கியது. கொஞ்சம்கூடத் தடங்கல் இல்லை. மீட்டர் நல்லது, வயர் நல்லது, மிதப்பும் நல்லது. ரிஷாத் தலையைச் சொறிந்தார்.

கண்டுபிடித்தது றோஸி அக்காதான். மிதப்பின் மூடியில் சின்ன அம்புக்குறி ஒன்று அச்சடித்திருந்தது. தாங்கியின் வாய் ஓரத்திலும் அதே மாதிரி ஒன்று, கறுப்புப் பெயின்றுக்குள் மறைந்து கிடந்தது. அவர் நகத்தால் சுரண்டினார். கழற்றும்போது இந்த இரண்டு அம்பும் நேராக இருந்தனவா என்று கேட்டார். ரிஷாத் கழற்றுமுன் போனில் எடுத்து வைத்திருந்த படத்தைப் பார்த்தார்கள். இல்லை. நாலு விரல் தள்ளி இருந்தது. தாங்கிக்குள்ளே, பெற்றோல் குலுங்காமல் தடுக்க ஒரு தகடு இருக்கிறது. மிதப்பைக் கோணலாக வைத்ததால் அதன் கை அந்தத் தகட்டில் மாட்டிக்கொண்டு, ஏறவும் முடியாமல் இறங்கவும் முடியாமல் ஆறு மாதமாகப் பாதியிலேயே நின்றிருக்கிறது.

பிறகு காரை ஜக்கில் உயர்த்திக் கட்டைகள் வைத்துக் கீழே பார்த்தார்கள். காற்றுக்குழாய் இருந்த இடம் உடனே தெரிந்தது. தாங்கியைத் தாங்கிப் பிடிக்கிற இரும்புப் பட்டிக்கும் காரின் அடிக்கும் நடுவே அகப்பட்டு, நசுங்கித் தட்டையாகக் கிடந்தது.

"டாங்கிய யாரு இறக்கினது?" என்று கீழே இருந்தபடி ரிஷாத் கேட்டார்.

"என்ட ஹஸ்பண்ட்" என்றார் றோஸி அக்கா.

கீழே ஸ்பனரால் பட்டியைத் தளர்த்துகிற சத்தம் கேட்டது. பிறகு ரிஷாத், "ஒட்டு வேல நல்லாச் செஞ்சிருக்காரு. ஒரு சொட்டு ஈரம் இல்ல" என்றார். அது ஆறுதலுக்குச் சொன்னதல்ல. றோஸி அக்கா குனிந்து பார்த்துத் தலையாட்டினார்.

நசுங்கிய குழாய் திரும்ப நிமிரவில்லை. அந்த அளவில் புதுத் துண்டு வெட்டிப் பூட்டி, பட்டிக்குள் அகப்படாமல் விலக்கி விட்டார்கள். மிதப்பை அம்புக்கு அம்பு நேராக வைத்து மூடினார்கள். எல்லாமாக இரண்டு மணித்தியாலம்.

நேரே ஷெட்டுக்குப் போனோம். நிலூஷா கையைத் துடைத்துக்கொண்டு வந்து, குழாயை வைத்து, விசையை முழுதாக அழுத்திப் பூட்டிவிட்டார். பம்பில் எண்கள் ஓடின. ஐந்து, பத்து, இருபது. றோஸி அக்கா கையைக் கட்டிக்கொண்டு நின்றார். முப்பத்து மூன்று தாண்டியதும் ஒரு தரம் டக் என்று நின்றது. வாய்வரை நிறைந்திருந்தது. நான் சாவியைத் திருப்பினேன். முள் மெல்ல எழுந்து பாதியைத் தாண்டிப் போய் உச்சியில் நின்றது. நிலூஷா ஜன்னலால் தலையை நீட்டிப் பார்த்துவிட்டு அடுத்த வாகனத்துக்குப் போனார்.

இனி பேர்னாட் அண்ணனுக்குச் சொல்வதா வேண்டாமா என்று றோஸி அக்கா இரண்டு நாள் யோசித்தாராம். சொல்லாமலே விடலாம், எல்லாம் சரியாகிவிட்டதே. ஆனால் ஆட்டோவில் அம்மா கேட்ட கேள்வி மனதில் கிடந்து உறுத்தியது. முள் பொய் சொன்னது பெரிதில்லை, அந்தப் பொய்யோடு தானும் சேர்ந்து ஓடினது ஏன் என்று தன்னையே கேட்டுக்கொண்டிருக்கிறார். அன்றைக்கு வண்டிக்குள் இருந்தது அம்மா. நாளைக்கு மூச்சுத் திணறும் ஒரு நோயாளி இருந்தால்?

செவ்வாய்க்கிழமை கப்பல் ஒரு துறைமுகத்தில் நின்றபோது பேர்னாட் அண்ணன் கூப்பிட்டார். றோஸி அக்கா எல்லாவற்றையும் சொன்னார். நசுங்கிய குழாயின் படத்தையும் அனுப்பினார். பின்னால் கப்பலின் இரைச்சல் கேட்டது.

"மழ வந்திச்சு" என்றார் அவர். "அவசரமாப் பூட்டினன். அந்தக் குழாயப் பார்த்த ஞாபகமே இல்ல." பிறகு கேட்டார், "ஆறு மாசமா ஏன் சொல்லல்ல?"

"நீங்க அவ்வளவு சந்தோஷமாப் போனீங்க."

"வழியில நிண்டது நீதானே றோஸி. எனக்கு அந்தச் சந்தோஷம் எதுக்கு?"

ஆனால் அதோடு விடவில்லை மனிதர். எப்படிக் கண்டுபிடித்தாய் என்று ஒவ்வொன்றாகக் கேட்டிருக்கிறார். வயரைக் கழற்றியதும் முள் எங்கே போனது, உடம்பில் தொட்டதும் எங்கே போனது, மிதப்பைக் கையில் ஆட்டிப் பார்க்க யாருக்கு யோசனை வந்தது என்று. அரை மணித்தியாலம் கதைத்திருக்கிறார்கள். தங்கள் கலியாணத்துக்குப் பிறகு ஒரு விசயத்தைப் பற்றி இவ்வளவு நேரம் தொடர்ந்து கதைத்தது அதுதான் முதல் தரம் என்று றோஸி அக்கா சொன்னார்.

இப்போது அவருடைய கார் டிக்கியில் சின்ன டெஸ்டர் ஒன்றும் ஒரு துண்டு வயரும் இருக்கின்றன. வழக்கமாகக் கூட்டிப் போகிறவர்களில் கார் வைத்திருக்கிற இரண்டு மூன்று பேர் தங்கள் மீட்டரைப் பற்றியும் அவரிடம் கேட்கத் தொடங்கியிருக்கிறார்கள். தெஹிவளையில் ஸமீமா டீச்சரின் காரில் முள் எழும்பாமல் கிடந்ததற்கு, காரின் உடம்போடு சேரும் பூமி வயரின் நுனி துருப்பிடித்திருப்பதுதான் காரணம் என்று பார்த்துச் சொன்னாராம். தாங்கியைத் திறக்கிற வேலை என்றால் மட்டும் தொடமாட்டார். அதற்கு ரிஷாத்திடம் அனுப்புவார்.

நவம்பரில் பேர்னாட் அண்ணன் வந்தார். வந்த இரண்டாம் நாளே பிரேக் பார்க்கிறேன் என்று காருக்குக் கீழே போனார். றோஸி அக்கா பக்கத்தில் ஸ்டூல் போட்டு இருந்தார். கழற்றுமுன் ஒவ்வொன்றையும் அவர் போனில் படம் எடுத்துக் காட்ட, பேர்னாட் அண்ணன் பார்த்துவிட்டுக் கழற்றினார். வேலை முடிய இருட்டிவிட்டது. அடுத்த சனிக்கிழமை இருவரும் மடு மாதா கோவிலுக்குப் புறப்பட்டார்கள். றோஸி அக்கா ஓட்டினார். புத்தளம் தாண்டுமுன் பேர்னாட் அண்ணன் நித்திரையாகிவிட்டாராம். மடுவில் இறங்கும்போது தாங்கியில் கால்வாசிக்கு மேலே பெற்றோல் மிச்சம் இருந்தது, முள்ளே காட்டியது என்று வந்ததும் றோஸி அக்கா அம்மாவுக்குப் போன் பண்ணிச் சொன்னார்.